நாகையா கோடு

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
2.4.1987

அன்புள்ள மக ரமணிக்கு,

அப்பா எழுதுறேன். அம்மா கடுதாசிக்கு அடியில ரெண்டு வரி கிறுக்கிட்டு எந்திரிச்சுப் போற ஆளு இன்னைக்கு முழுக் காகிதத்தை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானேன்னு பதறிடாத, இங்க யாருக்கும் ஒண்ணும் ஆயிடல. நான் நடமாடுறேன், அம்மா முட்டியைப் புடிச்சுக்கிட்டு நடமாடுறா, வீட்டுல சோறு நேரத்துக்கு வேகுது. அங்க பெர்த்ல நீயும் மாப்பிள்ளை வாசுவும் பாப்பாவும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு காலையில குளிச்சிட்டு முருகன் படத்துக்கு முன்னால நின்னு கேட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் பண்ணியிருக்கலாமேன்னு கேப்ப. போன்ல சொன்னா நீ பரவாயில்லப்பான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டு அம்மாகிட்ட குடுங்கன்னு சொல்லிடுவ, நானும் அதுதான் சாக்குன்னு குடுத்துட்டு எந்திரிச்சிடுவேன், நம்ம ரெண்டு பேருக்கும் அது நல்லாவே வரும். கடுதாசின்னா நடுவுல நீ பேச முடியாதுல்ல.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடுறேன், இல்லாட்டி ஊர்க்கதை பேசியே காகிதம் முடிஞ்சிடும். நாலு வருசத்துக்கு முன்னால கிள்ளான் கண்ணப்பனோட லோரி கெந்திங் செம்பா மலை ஏத்தத்துல பிஸ்டன் ஓட்டையாகி நின்னுச்சே, அது உன் கைத்தப்பு இல்லம்மா. என் தப்பு. நீ வச்ச டைமிங்ல ஒரு குத்தமும் கெடையாது. போன மாசம் நீ அம்மாவுக்குப் போட்ட கடுதாசியில, நீ வேலை பார்க்குற பஸ் டிப்போக்காரன் உன்னை உதிரிச்சாமான் கவுண்டர்லேர்ந்து எடுத்து டீசல் ஃபிட்டர் வேலைக்குப் பழக்குறேன்னு கூப்பிட்டதையும், ஏப்ரல் கடைசிக்குள்ள பதில் வேணும்னு அவன் சொன்னதையும், நான் ஒரு இஞ்சினைக் கெடுத்தவ எனக்கு அதெல்லாம் வேணாம்மான்னு நீ எழுதியிருந்ததையும் அம்மா என் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால உக்காந்து படிச்சா. அந்தக் கடைசி வரியை மட்டும் ரெண்டு தடவை படிச்சா. சோத்தைப் பாதியில விட்டுட்டு எந்திரிச்சிட்டேன். நீ அவனுக்கு வேணாம்னு எழுதிக் குடுக்குறதுக்கு முன்னால இது உன் கைக்கு வந்து சேரணுமேன்னுதான் எனக்கு இப்ப உள்ள ஒரே கவலை.

நீ மாப்பிள்ளைகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருப்ப, எனக்குத் தெரியாதா உன்னை. அவரும் இதைப் படிக்கட்டும். அவர் கரண்டு வேலைக்காரர், டீசல் பக்கம் வந்தவரு இல்ல, அதனால உனக்குத் தெரிஞ்சதையும் கொஞ்சம் விளக்கி எழுதுறேன், நீ கொட்டாவி விட்டாலும் பரவாயில்ல. மாப்பிள்ளை, டீசல் இஞ்சின்ல பெட்ரோல் வண்டி மாதிரி பிளக்கு கெடையாது. பிஸ்டன் மேல ஏறி வந்து காத்தை நெருக்குற நேரத்துல பம்பு டீசலை உள்ள அடிக்கணும், அந்தச் சூட்டுல அது தானா பத்திக்கும். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே அடிச்சாத்தான் கீழ இறங்கும்போது முழு பலமும் கிடைக்கும், எவ்வளவு முன்னாலங்கிறதுதான் டைமிங். கண்ணப்பன் லோரிக்கு அது பதினெட்டு டிகிரி. பிந்திப் போச்சுன்னா வெள்ளைப் புகை விடும், இழுவை இருக்காது, அதோட சரி. முந்திப் போச்சுன்னாதான் ஆபத்து, பிஸ்டன் ஏறிக்கிட்டு இருக்கும்போதே தீ மேலேர்ந்து அமுக்கும், இஞ்சின் ணங்கு ணங்குன்னு கத்தும், பாரத்தோட மலை ஏறினா பிஸ்டன் தலையே உருகிடும். இதைச் சரியா வைக்கத்தான் இஞ்சினுக்கு முன்னால இருக்குற புல்லியில கோடு வெட்டியிருப்பாங்க, பக்கத்துல ஒரு முள்ளு அசையாம நிக்கும். சைபர் கோடு முள்ளுக்கு நேரா வந்தா பிஸ்டன் உச்சியில இருக்கு, பதினெட்டாவது கோடு வந்தா டீசல் அடிக்கிற நேரம். அந்தக் கோட்டை நம்பித்தான் உலகத்துல இஞ்சினைத் தொடுற எல்லா போமனும் பொழைக்கிறான், நானும்தான்.

ஆயுத பூசைக்கு சாமானையெல்லாம் கழுவி சந்தனம் குங்குமம் வைக்கிறது எல்லாப் பட்டறையிலயும் உண்டு. செந்தூல்ல நம்ம பட்டறையில மட்டும் கூடுதலா ஒரு பழக்கம், அதை ஆரம்பிச்சு வச்ச மகராசன் நான்தான். பூசைக்கு நிக்கிற லோரிங்களோட புல்லியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, அந்த டைமிங் கோட்டை மட்டும் சின்ன பிரஷ்ஷால வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு, ஓரத்துல ஒரு குங்குமப் பொட்டும் வச்சிடுவேன். முதல்ல கண்ணுக்குத் தெரியட்டும்னுதான் செஞ்சேன். டிரைவருங்க அதைப் பெரிசா எடுத்துக்கிட்டானுங்க. நாகையா கோடு போட்டாச்சா, நாகையா கோடு இருந்தா வண்டி நடுவழியில நிக்காதுன்னு பேச்சாயிடுச்சு, வேற பட்டறையில வேலை பார்க்குற லோரிகூட அந்த ஒரு நாள் கோட்டுக்காக நம்ம வாசல்ல வரிசையில நிக்கும். எனக்கா, கேக்கவே வேணாம், தலைக்கனம் ஏறிப்போச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பூசாரி மாதிரி பிரஷ்ஷோட நான் போவேன், நீ பின்னால பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வருவ, உனக்கே ஞாபகம் இருக்கும்.

எண்பத்திரெண்டுல கண்ணப்பன் லோரி புல்லி வெடிச்சுப் போச்சு. புதுசு கெடைக்க நாளாகும்னு நான்தான் சாலாக் செலாத்தான் போய், ஜப்பான்லேர்ந்து வர்ற பழைய இஞ்சினை அறுத்து விக்கிற கடையில தேடி ஒண்ணை எடுத்துட்டு வந்தேன். கடைக்காரர் மேல பழி போட மாட்டேன், நான் கேட்டது புல்லி, அவர் குடுத்தது புல்லி. அளவு ஒண்ணு, பெல்ட்டு உக்காந்துச்சு, தண்டுல பூட்டுற சாவிக்கட்டை பொருந்துச்சு, அதே கம்பெனி. எல்லாம் பொருந்துதே கோடும் பொருந்தும்னு நினைச்சிட்டேன். அது வேற மாடல் இஞ்சினோட புல்லிம்மா. அந்த மாடல்ல முள்ளு நிக்கிற இடமே வேற, அதனால கோடு வெட்டியிருந்த இடமும் வேற. பம்பை யாரும் தொடலையா, டைமிங் பழைய இடத்துலயே இருந்துச்சு, வண்டி சொகமா ஓடுச்சு, எனக்கு ஒரு சந்தேகமும் வரல. அந்த வருசம் ஆயுத பூசைக்கு நான் அந்தப் புல்லியைத் துடைச்சு, பதினெட்டைத் தேடி எடுத்து, வெள்ளை அடிச்சு, பொட்டு வச்சு, கற்பூரமும் காட்டினேன். டிரைவர் வேலாயுதம் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வண்டியை எடுத்தான்.

அடுத்த மார்ச்சுல பம்பு மராமத்துக்குப் போய் வந்துச்சு, அதை மாட்டி டைமிங் வச்சது நீ. நான் பக்கத்து லோரியில அடியில படுத்திருந்தேனே தவிர என் கண்ணு உன் மேலதான் இருந்துச்சு. இதை நான் உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல, இப்ப சொல்றேன், அவ்வளவு சுத்தமா அந்த வேலையை யாரும் செஞ்சு நான் பார்த்ததில்ல. ஆறாவது சிலிண்டர் வால்வு ரெண்டும் ஒண்ணா ஆடுற இடத்தைப் பார்த்து முதல் சிலிண்டர் நெருக்குற கட்டத்துலதான் இருக்குன்னு உறுதி பண்ணின. பம்போட முதல் வாயைத் தொறந்து உள்ள இருக்குற வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து தூசி படாம பால் டின் மூடியில வச்ச. அந்த எடத்துல வளைஞ்ச குழாயை மாட்டி, கைப்பம்பு அடிச்சு டீசல் ஒழுக விட்டு, கம்பியைப் போட்டு இஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்தின. ஒழுக்கு மெலிஞ்சு, சொட்டாகி, கடைசிச் சொட்டு குழாய் நுனியில தொங்கிக்கிட்டு விழவா வேணாமான்னு நிக்குது பாரு, அதுதான் டீசல் அடிக்க ஆரம்பிக்கிற நேரம், அப்ப புல்லியைப் பார்க்கணும். கொஞ்சம் தாண்டிட்டா அப்படியே பின்னால திருப்பி சரி பண்ற சோம்பேறிங்க எத்தனை பேரு. நீ தாண்டினப்ப ரொம்ப தூரம் பின்னால போய் திரும்பவும் முன்னால வந்த, கியர் இடுக்குல உள்ள ஆட்டம் கணக்கைக் கெடுக்கக்கூடாதுன்னு. பம்பு நட்டைத் தளர்த்தி ஒரு மயிரிழை சாய்ச்சு, திரும்ப சுத்தி, திரும்பப் பார்த்து, மூணு தடவை. மூணு தடவையும் சொட்டு நின்ன நேரத்துல முள்ளு என் வெள்ளைக் கோட்டு மேல நின்னுச்சு.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணின. சத்தத்தைக் கேட்டதும் தலையைச் சாய்ச்ச. என்கிட்ட வந்து, அப்பா சத்தம் கூர்மையா இருக்கு, கோடு மேல எனக்கு சந்தேகம், அளவு பார்க்குற கேஜ் போட்டு பிஸ்டன் உச்சி எங்கன்னு பார்த்துடலாமான்னு கேட்ட. வண்டியில குவாந்தானுக்குப் போற சிமெண்டு ஏத்தி ஆச்சு, கண்ணப்பன் கைக்கடியாரத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். நான் என்ன சொன்னேன்னு உனக்கு மறந்திருக்காது. நாகையா கோட்டையே சந்தேகப்படுறியா, பூசை போட்டு வச்ச கோட்டை விட உன் காது பெருசான்னு கேட்டேன். நீ குனிஞ்சு அந்தக் கோட்டைப் பார்த்த, பொட்டு இன்னும் லேசா ஒட்டிக்கிட்டுதான் இருந்துச்சு, அப்புறம் நட்டை முறுக்கின.

மறுநாள் மத்தியானம் லோரி மலையில நின்னுடுச்சுன்னு செய்தி வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுது, ஆனா எழுதணும். தேத்தண்ணி நேரம், கண்ணப்பன் நிக்கிறான், நாலஞ்சு டிரைவருங்க நிக்கிறாங்க. பொம்பளப் புள்ள கையில ஸ்பேனரைக் குடுத்தது என் புத்திகெட்டதனம்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி கத்தினேன். நீ அழுவன்னு நினைச்சேன். சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவி, ஸ்பேனரைத் துடைச்சு அது மாட்டுற ஆணியிலயே மாட்டிட்டு, சைக்கிளை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்ட. அதோட பட்டறைப் பக்கம் நீ வரல. அடுத்த வருசம் கல்யாணம், அதே வருசம் பிளேன் ஏறிட்ட. நானும் அதோட விட்டுட்டேன். கண்ணப்பன் மலையிலேர்ந்து வண்டியை நேரா கிள்ளானுக்கு இழுத்துட்டுப் போய் அங்க வேற இஞ்சின் மாட்டிக்கிட்டான், நான் அந்தக் கெட்டுப்போன இஞ்சினை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கணுமா இல்லையா? பார்க்கல. பார்க்காமலே உன் மேல தீர்ப்பு எழுதிட்டேன். முப்பது வருசம் இஞ்சினைத் தொறந்து பார்க்காம ஒரு வார்த்தை சொல்லாதவன், சொந்த மக விசயத்துல மட்டும் தொறக்காமலே சொல்லிட்டேன்.

இந்த பிப்ரவரி கடைசியில கண்ணப்பன் கிள்ளான்ல கொட்டகையைக் காலி பண்றேன், பழைய சாமான் கெடக்கு, வேணுங்கிறதைக் கழட்டிக்குங்கண்ணேன்னு கூப்பிட்டான். போனேன். மூலையில அந்த இஞ்சின் தார்ப்பாய்க்கு அடியில கெடந்துச்சு, மேல்மூடி ஹெட்டு கழட்டினபடியே, முதல் பிஸ்டன்ல கட்டைவிரல் போற ஓட்டை. நான் கழட்ட வந்தது பிஸ்டனுக்கு அடியில சுத்துற கிராங்க் தண்டு. அதுக்கு இஞ்சினைச் சுத்த வேண்டியிருந்துச்சு, துரு புடிச்சிருந்த சிலிண்டர்ல எண்ணெய் ஊத்தி ஊற வச்சு மெதுவா சுத்தினேன். பிஸ்டன் உச்சிக்கு வந்து நின்னுச்சு. சும்மா, கைப்பழக்கத்துல, குனிஞ்சு புல்லியைப் பார்த்தேன். சைபர் கோடு முள்ளுக்கு நேரா இருக்கணும். முள்ளைத் தாண்டி ஒரு விரக்கடை தள்ளி இருந்துச்சு. கண்ணு சரியில்லையோன்னு டயல் கேஜை எடுத்து பிஸ்டன் தலையில வச்சு, இந்தப் பக்கம் கொஞ்சம் இறக்கி ஒரு குறி, அந்தப் பக்கம் அதே அளவு இறக்கி ஒரு குறி, ரெண்டுக்கும் நட்ட நடுவுல உச்சி. திரும்பவும் ஒரு விரக்கடை. எட்டு டிகிரி ரமணி. நீ பதினெட்டுல வச்சதெல்லாம் இருபத்தாறுல நின்னிருக்கு. என் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் உரியாம அப்படியே இருந்துச்சு, வேற யாரு பிரஷ்ஷும் இல்ல, நான் அடிச்சா கோட்டோட வால் கொஞ்சம் இடது பக்கம் வளையும். தரையில உக்காந்துட்டேன். கண்ணப்பன் வந்து என்னண்ணே மயக்கமான்னு கேட்டான், வெயில்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேல யார்கிட்டயும் மூச்சு விடல. இதையும் மறைக்காம எழுதிடுறேன். புள்ள நல்லா இருக்கா, புருசன் வீடு குழந்தைன்னு இருக்கா, இப்போ போய் கிளறி என்ன ஆகப்போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உன் கடுதாசி வராம இருந்திருந்தா இன்னும் எத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனோ, நினைச்சா எனக்கே என் மேல வெக்கமா இருக்கு. அம்மா அந்த வரியை ரெண்டாந்தடவை படிச்சதும் கையைக் கழுவிட்டு வந்து எல்லாத்தையும் அவகிட்ட சொன்னேன். உங்க அம்மாவைத் தெரியும்ல, ஒரு வார்த்தை திட்டல. மூணு நாளு வெறும் ரசமும் அப்பளமும், அதுவும் தட்டை வைக்கிற சத்தம் பக்கத்து வீட்டு வள்ளியம்மா வரைக்கும் கேக்கும். நாலாம் நாளு கண்ணப்பன்கிட்ட எப்ப போறீங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை கிள்ளானுக்கு பஸ் ஏறிப் போனேன். கண்ணப்பன் நல்ல மனுசன், கேட்டுட்டு சிரிச்சான். அட விடுங்கண்ணே நான் அன்னைக்கே மறந்துட்டேன் லா, இன்னுமா அதைப் போட்டுக் குழப்பிக்கிறீங்கன்னான். எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. நீ மறந்துட்ட, எம்மக மறக்கலையேன்னு கத்திட்டேன், மன்னிப்புக் கேக்கப் போன எடத்துல சண்டை போட்டுட்டு வந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் கோப்பி குடிச்சோம், அவன் எந்திரிச்சு உள்ள போய் அந்தப் புல்லியைக் கழட்டிக் கொண்டாந்து என் கையில குடுத்தான்.

அதோட விட்டிருக்கலாம். ஆனா நான் உன்னைச் சொன்னது கண்ணப்பன்கிட்ட மட்டும் இல்லையே, டிரைவருங்க முன்னால சொன்னேனே. அது மட்டும் இல்ல, என் கோட்டை நம்பிக்கிட்டு இன்னும் எத்தனை லோரி ஓடுதோங்கிற பயம் வேற. கணக்கெடுத்தா பதினாலு. ஒவ்வொருத்தனா கூப்பிட்டு விட்டேன். இஞ்சின் மூடியிருக்கும்போது பிஸ்டனைப் பார்க்க முடியாதுல்ல, அதனால முதல் சிலிண்டர் வால்வு ஸ்பிரிங்கைக் கழட்டி வால்வை பிஸ்டன் மேல உக்கார விட்டு, அதோட தண்டு மேல கேஜை வச்சுத்தான் உச்சி பார்க்கணும். உள்ள விழுந்திடுச்சுன்னா கதை கந்தல், ஹெட்டையே இறக்கணும், அதனால தண்டுல ரப்பர் பேண்டு சுத்திக்கிட்டு, வேர்க்க வேர்க்க ரெண்டு வாரம் இதே வேலை. ஒவ்வொருத்தனும் எதுக்குண்ணே நல்லா ஓடுற வண்டியைத் தொறக்குறீங்கன்னு கேட்டான். ஒவ்வொருத்தன்கிட்டயும் முழுக் கதையையும் சொன்னேன், புல்லி வாங்கினதுலேர்ந்து உன் மேல கத்தினது வரைக்கும், எம்மக சரியாத்தான் வச்சா, நான்தான் கோட்டைத் தப்பாப் போட்டேன்னு. முதல் ஆளுகிட்ட அவன் மூஞ்சியைப் பார்க்காம இஞ்சினைப் பார்த்துத்தான் சொன்னேன். பதினாலாவது ஆளுகிட்டயும் இஞ்சினைப் பார்த்துத்தான் சொன்னேன், பழக்கமாயிடும்னு நினைச்சது பொய். பதிமூணு லோரி சரியா இருந்துச்சு, ஒண்ணுல ரெண்டு டிகிரி தள்ளி இருந்துச்சு, சரி பண்ணிட்டேன். வேலாயுதம் மட்டும் கதையைக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னான். அன்னைக்குத் தங்கச்சி சத்தம் சரியில்லைன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சுண்ணே, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு, நீங்க கோடுன்னதும் நானும் வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுத்துட்டேன், என் பேர்லயும் ஒரு மன்னிப்பு எழுதிடுங்கன்னான். எழுதிட்டேன். இந்த வருசத்துலேர்ந்து ஆயுத பூசைக்குப் பொட்டு உண்டு, வெள்ளைக் கோடு கெடையாது, கேஜ் வச்சுப் பார்த்தாத்தான் கோடுன்னு சொல்லிட்டேன், ரெண்டு பேருக்குக் கோவம்.

மத்தபடி இங்க சேதி பெருசா இல்ல. சித்திரை வருசப்பொறப்புக்கு அம்மா உனக்கு மிளகாப்பொடியும் முறுக்கும் கட்டி வச்சிருக்கா, வள்ளியம்மா மருமகன் அடுத்த மாசம் பெர்த் வர்றாரு, அவர்கிட்ட குடுத்து விடுவா. ஊறுகாயும் வச்சிருக்கா, ஏர்போர்ட்டுல புடுங்கிடுவான்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா. அவ முட்டிக்கு டாக்டர் படியேறாதேன்னார், அவ கோயில் படியைக் கணக்குல சேர்க்க மாட்டா. அங்க இனிமே குளிர் வருமாமே, பாப்பாவுக்கு நெஞ்சுச் சளி வராம பார்த்துக்கோ, காதை மூடி வெளிய தூக்கிட்டுப் போ. மாப்பிள்ளை மழையில மோட்டார் சைக்கிள் ஓட்டுறாருன்னு எழுதியிருந்த, வேணாம்னு நான் சொன்னதாச் சொல்லு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, சின்ன வயசுலேர்ந்தே உனக்கு வேலை கையில இருந்தா பசி தெரியாது.

அந்த டிப்போ வேலையை எடுத்துக்கோன்னு உனக்குச் சொல்ல எனக்கு வாய் இல்லம்மா. ஒரு தடவை உனக்காக நான் முடிவு சொல்லி நாலு வருசம் கெட்டுப்போச்சு. உனக்கு எண்ணெய்க் கை புடிக்கலன்னா வேணாம்னு சொல்லு. பாப்பா சின்னப் புள்ள, நேரம் ஒத்து வரலன்னா வேணாம்னு சொல்லு. அந்தக் கவுண்டர் வேலையே சொகமா இருக்குன்னா அதுவும் நல்லதுதான். ஆனா நான் ஒரு இஞ்சினைக் கெடுத்தவ அப்படின்னு மட்டும் அந்த ஆளுகிட்ட சொல்லிடாத. அந்தக் காரணம் உன்னுது இல்ல ரமணி, என்னுது. இத்தனை வருசம் நீ சுமந்தது போதும், அதை என்கிட்டயே திருப்பிக் குடுத்துடு. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உன்னைப் பேசினதுக்கு அப்பாவை மன்னிச்சுக்கம்மா. நீ மன்னிக்கலன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அது புரியும்.

பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் பொறுமையா இவ்வளவையும் படிச்சதுக்கு நன்றி. உன் தலையில கை வச்சதா நினைச்சுக்கோ, முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். ஏப்ரல் முப்பதுக்குள்ள அவனுக்குப் பதில் குடுக்கணும்கிறதை மறந்துடாத, எந்தப் பதிலா இருந்தாலும் உன் வாயால குடு. எனக்குப் பதில் எழுத அவசரம் இல்ல, உனக்கு மனசு வரும்போது எழுது.

கோட்டைத் தப்பாப் போட்ட,
உன் அப்பா
நாகையா